சீனியர் படம்: ப்ளூபானெட் பூக்கும்வரை காத்திருக்கலாமா?

டாலஸுக்கு வடக்கே வசிக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகள் வருகிற ஆகஸ்டில் சீனியர், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு. ஜூன் தொடக்கத்தில் மதுரைக்குப் போய், ஜூலை கடைசியில்தான் திரும்புகிறோம். திரும்பும்போது மாமியாரும் கூட வருகிறார்கள். ஜூலை 9-ஆம் தேதி போட்டோ எடுக்க வரச்சொல்லிப் பள்ளியிலிருந்து அட்டை வந்திருக்கிறது. மகள் மார்ச்சிங் பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறாள். பட்டுப்புடவையிலும் ஒரு படம் வேண்டும் என்கிறாள். தோழிகள் எல்லாரும் ஏப்ரலில் ப்ளூபானெட் பூக்களுக்கு நடுவில் எடுக்கப்போகிறார்களாம். நாங்களும் அதுவரை காத்திருக்கலாமா? எப்போது எடுத்தால் நல்லது?"

காத்திருக்க வேண்டாம். செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அக்டோபர் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு மாலையை இப்போதே குறித்து வையுங்கள். ஏப்ரலில் பட்டமளிப்புத் தொப்பியும் அங்கியும் போட்டு அரைமணி நேரம் தனியாக எடுத்துக்கொள்ளலாம். இதுதான் பதில். ஆனால் இந்தத் தேதிக்கு எப்படி வந்தேன் என்று தெரிந்தால்தான், இடையில் ஏதாவது மாறினாலும் நீங்களே வேறு நாள் பார்த்துக்கொள்ள முடியும். பதினோரு வருடமாக இந்தப் பக்கத்தில் சீனியர் பிள்ளைகளைப் படம் எடுக்கிறேன். அதற்கு முன் நியூஜெர்சியில் இருந்தேன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் சீனியர் வருடத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "சீனியர் போட்டோ" என்ற ஒரே பெயரில் இங்கே இரண்டு தனித்தனிக் காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, பள்ளியின் இயர்புக்கில், அதாவது வருடக் கடைசியில் கொடுக்கும் ஆண்டுப் புத்தகத்தில், அச்சாகும் முகப்படம். இன்னொன்று, குடும்பம் தன் விருப்பத்துக்கு எடுத்துக்கொள்ளும் படங்கள்: சுவரில் மாட்ட, பட்டமளிப்பு அறிவிப்பு அட்டையில் போட, ஊரில் இருக்கும் சொந்தங்களுக்கு அனுப்ப. உங்களுக்கு வந்த அட்டை முதலாவதற்கு. தோழிகள் பேசும் ப்ளூபானெட் படம் இரண்டாவது. இரண்டுக்கும் கெடு வேறு, ஆள் வேறு, உடை வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்து "ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிட்டு, இயர்புக்கில் பிள்ளையின் முகமே இல்லாமல் போன குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இயர்புக் படத்தைப் பள்ளி ஒப்பந்தம் செய்திருக்கும் ஸ்டூடியோ எடுக்கும். பெண் பிள்ளைகளுக்குத் தோள் தெரிய ஒரு கறுப்பு வெல்வெட் துணியைச் சுற்றி முதுகுப் பக்கம் கிளிப் போடுவார்கள். அதை ட்ரேப் என்கிறார்கள். ஆண் பிள்ளைகளுக்கு முன்பக்கம் மட்டும் இருக்கிற டக்சீடோவும் போ டையும். எல்லாருக்கும் ஒரே பின்னணி, ஒரே வெளிச்சம். மொத்தம் பத்து நிமிட வேலை. தோள் திறந்த அந்த ட்ரேப்பை உங்கள் மகளுக்குப் பிடிக்கவில்லை என்றால் முன்கூட்டியே கேளுங்கள். கழுத்து மூடிய உடைக்கும் டக்சீடோவுக்கும் இப்போது பல பள்ளிகளில் அனுமதி உண்டு. கழுத்து வெறுமையாகத் தெரியும் படம் என்பதால் மெல்லிய சங்கிலி ஒன்று போட்டுக்கொண்டு போவது நல்லது. என் மகள் அவளுடைய ஆத்தாவின் ஒற்றைக்கல் பதக்கத்தைப் போட்டுக்கொண்டு போனாள். ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும் அந்தப் பக்கத்தில், அந்தச் சின்னக் கல்லை வைத்துத்தான் நான் அவளைச் சட்டென்று கண்டுபிடிப்பேன்.

மே மாதம் கைக்கு வரும் புத்தகத்துக்கு முந்தின கோடையிலேயே படம் எடுப்பது நிறையப் பெற்றோருக்கு விளங்குவதில்லை. இயர்புக் ஒரே நாளில் அச்சாவதில்லை. பதினாறு பதினாறு பக்கங்களாகச் சேர்த்து அச்சகத்துக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு பதினாறுக்கும் ஒரு கெடு உண்டு. விளையாட்டு, நாடகம், பிராம் என்னும் நடன விருந்து போன்றவை வருடம் நகர நகரத்தான் நடக்கும், அந்தப் பக்கங்களை முன்னதாக முடிக்க வழியில்லை. சீனியர்களின் முகப்படங்கள் மட்டும் எந்த நிகழ்ச்சிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அதனால் அவற்றை முதலில் முடித்து அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலான பள்ளிகளில் அக்டோபர், நவம்பருக்குள் இந்தக் கதவு மூடிவிடும். அதற்கப்புறம் என்ன கெஞ்சினாலும் இயர்புக்கைக் கவனிக்கும் ஆசிரியர் கையில் ஒன்றும் இல்லை. சில பள்ளிகளில் பெயரை மட்டும் போடுவார்கள், சிலவற்றில் அடையாள அட்டைப் படத்தைப் போட்டுவிடுவார்கள்.

சரி, உங்கள் ஜூலை 9. நீங்கள் மதுரையில் இருப்பீர்கள். இதற்காகப் பயணத்தை மாற்ற வேண்டாம். அட்டையில் இருப்பது ஸ்டூடியோவே அகர வரிசையில் போட்டுக்கொடுத்த நாள். இணையத்தில் போய் மாற்றிக்கொள்ளலாம். வர முடியாதவர்களுக்காக இலையுதிர் காலத்தில் பள்ளியிலேயே மாற்று நாள் என்று ஒன்றிரண்டு நாட்கள் வைப்பார்கள். ஊருக்குக் கிளம்புமுன் செய்ய வேண்டியது, இயர்புக் ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பி மூன்று கேள்விகள் கேட்பதுதான். கடைசித் தேதி எது, மாற்று நாள் எப்போது, வெளியாள் எடுத்த படத்தை ஏற்பார்களா. மூன்றாவதற்குப் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் பதில் வரும். ஆனாலும் கேட்டு வைப்பதில் தவறில்லை. அப்படியே "சீனியர் ஆட்" பற்றியும் கேளுங்கள். குழந்தைப் பருவப் படமும் வாழ்த்தும் போட்டுப் பெற்றோர் காசு கொடுத்து வாங்கும் கால்பக்கம், அரைப்பக்கம் அது. அதற்கும் தனிக் கெடு உண்டு. நம்மவர்கள் பலர் இதை மே மாதம் புத்தகத்தைப் புரட்டும்போதுதான் தெரிந்துகொண்டு வருத்தப்படுகிறார்கள். பிள்ளையின் முதல் பிறந்தநாள் படம் மதுரை வீட்டு ஆல்பத்தில் இருந்தால், இந்தப் பயணத்திலேயே ஸ்கேன் செய்து எடுத்து வாருங்கள்.

இனி இரண்டாவது படம். உங்கள் கேள்வியின் உயிரே இதுதான்.

தேதி கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் மரத்தையும் பூவையும் வெயிலையும் பற்றித்தான் கேட்கிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் யோசித்தேன். இப்போது நான் முதலில் கேட்பது, பிள்ளை எந்த வாரத்தில் நன்றாகத் தூங்குகிறது என்பதை. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் மகனின் படம். நாங்கள் ஏப்ரலுக்கு விட்டுவைத்திருந்தோம். மார்ச் கடைசியில் ஒரு சனிக்கிழமை மழை, அடுத்த சனிக்கிழமை அவனுக்கு ரோபாட்டிக்ஸ் போட்டி, மூன்றாவது வாரம் மறுபடி மழை. நான்காவது வாரம் பூக்கள் காய்த்துப் பழுக்கத் தொடங்கிவிட்டன. கல்லூரி அளவுப் பாடங்களுக்கான ஏபி தேர்வுகள் மே முதல் இரண்டு வாரங்களில். எட்டுப் பத்து நாள்தான் பாக்கி. முந்தின இரண்டு இரவும் சரியாகத் தூங்காதவனை இழுத்துக்கொண்டு போய் எடுத்தேன். வெளிச்சம் அருமையாக அமைந்தது. சட்டை பொருத்தம், பின்னணி பொருத்தம். அந்தப் படம் இன்றும் எங்கள் வரவேற்பறையில் இருக்கிறது. பார்ப்பவர்கள் எல்லாரும் பாராட்டுகிறார்கள். ஆனால் இமைக்குக் கீழே அந்தச் சின்ன வீக்கத்தை நான் மட்டும் தினமும் பார்க்கிறேன். பருவை அழிக்கலாம், கலைந்த முடியைச் சரிசெய்யலாம். களைத்த கண்ணை எந்தக் கணினியாலும் எழுப்ப முடியவில்லை.

அதனால் சீனியர் வருடத்தை மாதம் மாதமாகப் பிரித்து, உங்கள் மகள் எங்கே மூச்சு விடுகிறாள் என்று தேடிப் பார்ப்போம்.

ஊரிலிருந்து ஜூலை கடைசியில் வந்து இறங்குகிறீர்கள். ஒரு வாரம் தூக்கம் தலைகீழாக இருக்கும். மதுரையில் கல்யாணம் ஏதாவது இருந்தால் கையில் மருதாணி வேறு, அது முழுதாக மறைய இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் பள்ளி இசைக்குழுவின் பயிற்சி முகாமான பேண்ட் கேம்ப் தொடங்கிவிடும். வாகன நிறுத்துமிடத்துத் தாரில், நூறு டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், காலையிலிருந்து அணிவகுப்பு. ஆகஸ்டில் படம் எடுக்க வந்த ஒரு பேண்ட் பையனை மறக்கவே முடியாது. சாக்ஸ் முடியும் இடத்தில் கணுக்காலுக்கு மேல் கோடு, கடிகாரம் இருந்த இடத்தில் வெள்ளை வளையம், கண்ணாடியின் காம்பு ஓடிய இடத்தில் கன்னத்திலிருந்து காதுவரை வெளிறிய பட்டை. அவன் தாய் பவுடரைப் பூசிப் பூசிப் பார்த்தார், பட்டைதான் இன்னும் பளிச்சென்று தெரிந்தது. நிறம் கருத்ததில் எந்தக் குறையும் இல்லை, வெயிலில் உழைத்த நிறம் படத்தில் அழகாகவே வரும். முகத்தில் இரண்டு நிறம் இருப்பதுதான் சிக்கல். பேண்ட் கேம்ப் முடிந்து நான்கைந்து வாரத்தில் அது ஒன்றோடொன்று கலந்துவிடும். செப்டம்பர் நடுவில் பார்த்தால் தெரியாது.

ஆகஸ்டை நான் தவிர்ப்பதற்கு இன்னொரு காரணம் உங்கள் மகள் ஆசைப்படும் பட்டுப்புடவை. டெக்சாஸ் ஆகஸ்டில் மாலை ஏழரைக்கும் காற்று அனலாகத்தான் இருக்கும். பிளேனோவின் ஆர்பர் ஹில்ஸில் ஒரு பெண் பிள்ளையைக் காஞ்சிப் பட்டில் எடுத்தோம். காரிலிருந்து இறங்கி, புல்வெளி மேட்டுக்கு ஐந்து நிமிட நடைதான். அதற்குள் மயில் கழுத்து நிற ரவிக்கையின் கைக்குழியில் ஈரம் படர்ந்து கருநீலமாகிவிட்டது. பட்டில் வியர்வை படிந்தால் காய்ந்த பிறகும் ஓரத்தில் கோடு நிற்கும். கையைக் கீழே வைத்தே எல்லாப் படத்தையும் எடுக்க வேண்டியதாயிற்று. மொத்தமே இருபது நிமிடத்தில் முடித்துக்கொண்டோம். பள்ளியில் சாதித்த பிள்ளைகள் போடும் லெட்டர் ஜாக்கெட்டுக்கும் இதே கதிதான். கம்பளி உடம்பும் தோல் கையும் வைத்த அந்த ஜாக்கெட்டுக்காகப் பிள்ளைகள் வருடக்கணக்கில் உழைத்திருப்பார்கள். பேண்ட் பிள்ளைகளுக்கு அது பெரிய பெருமை. அதை ஆகஸ்டில் போடச்சொன்னால் முகத்தில் பெருமை தெரியாது, புழுக்கம்தான் தெரியும்.

செப்டம்பர் பிறந்ததும் வகுப்புகள் ஓரளவு பிடிபடும். வெள்ளிக்கிழமை இரவு ஃபுட்பால் ஆட்டம், பேண்ட் அங்கே இருந்தாக வேண்டும். சனிக்கிழமைகளில் பேண்ட் போட்டிகள் அக்டோபர் முழுவதும் ஓடும். மாநிலப் போட்டி நவம்பர் தொடக்கத்தில் சான் அன்டோனியோவின் அலமோடோமில். அந்தத் தூரம் போகும் அணி என்றால் அக்டோபர் பின்பாதியில் மகள் வீட்டுக்குச் சாப்பிடவும் தூங்கவும் மட்டும்தான் வருவாள். வாரநாள் மாலைகளிலும் பயிற்சி இருக்கும். மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை. அதனால்தான் உங்களுக்கு ஞாயிறு என்று சொன்னேன். பேண்ட் இல்லாத பிள்ளைக்கு செவ்வாய், புதன் மாலையைச் சொல்லியிருப்பேன், பூங்காக்களில் அன்றைக்குத்தான் கூட்டம் குறைவு.

அக்டோபர் இரண்டாவது ஞாயிறோடு நிறுத்தச் சொல்வது கல்லூரி விண்ணப்பத்துக்காக. பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பமான காமன் ஆப் ஆகஸ்ட் 1 அன்று திறக்கிறது. முன்கூட்டியே விண்ணப்பிக்கும் கெடு பெரும்பாலான கல்லூரிகளில் நவம்பர் 1, சிலவற்றில் இன்னும் முன்னதாக. அக்டோபர் மூன்றாவது வாரம் வந்துவிட்டால் வீட்டில் பேச்சே கட்டுரை பற்றித்தான் இருக்கும். அந்த நாட்களில் கேமரா முன்னால் நிற்கும் பிள்ளை உடம்பால்தான் அங்கே இருக்கும். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். டாலஸில் அதற்கப்புறம் ஐந்தரைக்கே சூரியன் மறைகிறது. பள்ளி விடுவதே நாலேகாலுக்கு என்றால் வாரநாளில் உடை மாற்றக்கூட நேரம் இருக்காது. இந்தப் பக்கத்து ஓக் மரங்கள் சிவப்பது என்னவோ நவம்பர் நடுவில்தான். இலைச் சிவப்புக்காக ஆசைப்படுகிறவர்கள் நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறையைப் பிடிக்கலாம். அது நல்ல இரண்டாவது தேர்வு. முதல் கட்ட விண்ணப்பம் போய்விட்டிருக்கும், பேண்ட் முடிந்திருக்கும், ஜாக்கெட் போடும் குளிரும் இருக்கும். அக்டோபர் தவறினால் யோசிக்காமல் அங்கே போய்விடுங்கள்.

நான் சொன்ன அந்த மூன்று ஞாயிறுகளில் சூரியன் ஏழு, ஏழேகாலுக்கு மறையும். மறைவதற்கு முந்தின ஒரு மணி நேர வெளிச்சம் எங்கள் தொழிலுக்குச் சோறு போடுகிற வெளிச்சம். சூரியன் தாழ்ந்து, ஒளி பக்கவாட்டில் முகத்தைத் தடவும். கண்ணுக்குக் கீழே நிழல் விழாது. மாநிறத்துக்கும் கருப்புக்கும் இந்த வெளிச்சம் செய்கிற நன்மையை நண்பகல் வெளிச்சம் ஒருநாளும் செய்யாது. சரிகையும் இதில்தான் கண்ணைக் கூசாமல் மின்னும். ஐந்தேகாலுக்கு வந்துவிட்டால் அவசரமில்லாமல் மூன்று உடை மாற்றலாம். முதலில் அவளுக்குச் சௌகரியமான உடை, ஜீன்ஸ் சட்டை எதுவானாலும் சரி, கிளாரினெட்டோடு. முகம் இளகுவதற்கு அதுதான் உதவும். கடைசியில், ஒளி பொன்னாகும்போது, புடவை. புடவையை முதலில் கட்டிவிட்டு அப்புறம் மாற்றலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. பின் குத்தி, மடிப்பு வைத்து, பூ வைத்து முடிப்பதற்குள் பிள்ளை பாதிக் களைப்பில் வந்து நிற்கும். வேண்டாம்.

இன்னொன்றும் கூடி வருகிறது. நவராத்திரி பெரும்பாலும் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும். பட்டு எப்படியும் பெட்டியிலிருந்து வெளியே வரும், கொலுவுக்குப் போக ரவிக்கை அளவும் சரிபார்த்திருப்பீர்கள். மதுரையில் ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது உள்ளே இரண்டு இரண்டு அங்குலம் விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். பதினேழு வயதில் நான்கு மாதத்தில் உடம்பு மாறும். ஃபிரிஸ்கோவில் தையல்காரர் கிடைத்தாலும் இரண்டு வாரம் காக்க வைப்பார்.

இப்போது ப்ளூபானெட். அந்த ஆசையை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். 1901-இலிருந்து டெக்சாஸின் மாநில மலர் அது. இங்கே வளர்ந்த பிள்ளைக்கு அந்த நீலம், நமக்கு ஊரில் வயல்வரப்புப் போல. மார்ச் கடைசியில் தொடங்கி ஏப்ரல் நடுவரை பூக்கும். டாலஸுக்குத் தெற்கே என்னிஸில் ஏப்ரல் முழுதும் அதைப் பார்க்கக் கூட்டம் வரும். ஆனால் எந்த வாரம் உச்சம் என்பதை முந்தின இலையுதிர் காலத்து மழையும் குளிர்காலக் குளிரும் சேர்ந்து தீர்மானிக்கும். விதை முளைப்பது இலையுதிர் காலத்தில். அப்போது மழை பொய்த்தால் வசந்தத்தில் பூவும் குறைவுதான். ஜூன் மாதத்தில் உட்கார்ந்து அடுத்த ஏப்ரல் பூவுக்கு நாள் குறிக்க யாராலும் முடியாது. வசந்த கால டெக்சாஸ் மழையும் ஆலங்கட்டியும் சொல்லாமல் வரும். நல்ல சனி, ஞாயிறு இரண்டு கிடைத்தாலே அதிகம், அந்த இரண்டுக்கும் ஊரே போட்டி போடும்.

அதனால் குடும்பத்தின் முக்கியப் படத்தைப் பூவின் கையில் ஒப்படைக்க வேண்டாம் என்கிறேன். அக்டோபரில் அது முடிந்துவிட்டால் ஏப்ரலில் மனசு லேசாக இருக்கும். தொப்பியும் அங்கியும் பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில்தான் கைக்கு வரும், அதையும் எடுத்துக்கொண்டு ஒரு மாலை அரைமணி நேரம் பூவிடம் போய் வாருங்கள். கிடைத்தால் சந்தோஷம், மழை வந்தால் நஷ்டமில்லை. போகும்போது ஏற்கெனவே மிதிபட்ட வெற்று இடமாகப் பார்த்து உட்கார வையுங்கள். பூவை நசுக்கினால் விதை கட்டாது, அடுத்த வருடம் அந்த இடம் மொட்டையாகிவிடும். உட்காருமுன் குச்சியால் தட்டிப் பாருங்கள். தீ எறும்புப் புற்று பூவுக்கடியில் தெரியாது, பாம்பும் இருக்கும். நெடுஞ்சாலை ஓரத்தில் காரை நிறுத்திவிட்டுப் பிள்ளையை இறக்காதீர்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் அதைப் பார்த்து எனக்கு வயிறு கலங்குகிறது.

மே மாதத்தை விட்டுவிடுங்கள். தேர்வு, விருந்து, பிரியாவிடை, கடைசி வாரப் பட்டமளிப்பு. அறிவிப்பு அட்டை விழாவுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு முன் தபாலில் போக வேண்டும். அதாவது ஏப்ரல் கடைசி, மே தொடக்கம். அச்சுக்கு இரண்டு வாரம், படத்தைத் தேர்ந்தெடுத்துத் திருத்த மூன்று வாரம் என்று பின்னோக்கி எண்ணினால் மார்ச் நடுவுக்கே வந்துவிடுகிறீர்கள். ப்ளூபானெட் படத்தை அட்டையில் போட்டு நேரத்தோடு அனுப்பியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மதுரைக்கும் சிங்கப்பூருக்கும் போக வேண்டிய அட்டை என்றால் இன்னும் ஒரு மாதம் முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள்.

வேறு ஊர்களில் இருப்பவர்களுக்கும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நியூஜெர்சியில் வடபகுதிக்கு அக்டோபர் மூன்றாவது வாரம், எடிசன் பக்கம் அக்டோபர் கடைசி. இலை அங்கே சொன்ன சொல் காப்பாற்றும். ஆனால் நவம்பரில் கடிகாரம் மாறியதும் ஐந்து மணிக்குள் இருட்டிவிடும். பட்டமளிப்பு ஜூன் இரண்டாம் பாதி என்பதால் அங்கே மே மாதமும் கைகொடுக்கும். சிகாகோவில் அக்டோபர் பாதிக்குள் முடித்துவிடுங்கள். ஃபீனிக்ஸில் கோடையை நினைக்கவே வேண்டாம், நவம்பர் முதல் மார்ச் வரை அருமை. சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவில் மலைகள் பச்சையாக இருப்பது பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை, மற்ற நேரம் வைக்கோல் நிறம். அந்த வைக்கோல் நிறமும் மாலை வெயிலில் பட்டுப்புடவைக்கு எடுப்பாகத்தான் இருக்கும். செப்டம்பர், அக்டோபரில் காட்டுத்தீப் புகை வந்தால் தள்ளிப்போட மாற்றுநாள் ஒன்று கையில் வேண்டும்.

உடம்பு சம்பந்தமான இரண்டு மூன்று. பல் கம்பி கழற்றும் தேதி நெருங்கியிருந்தால் மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள். பத்து நாள் வித்தியாசத்துக்குக் கம்பியோடு எடுத்துவிட்டு அப்புறம் வருந்தியவர்கள் உண்டு. ஆனால் கம்பி இன்னும் ஒரு வருடம் இருக்கும் என்றால், கம்பியோடே சிரிக்கட்டும். அதுதான் அந்த வயது. பருவுக்கு மருந்து தொடங்குவதாக இருந்தால் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், ஜூனிலேயே தொடங்க வேண்டும். முடி வெட்டுவது பத்து நாள் முன்பு, புருவம் திருத்துவது மூன்று நான்கு நாள் முன்பு. புதிதாக எந்தக் களிம்பையும் அந்த வாரத்தில் முகத்தில் போட விடாதீர்கள்.

அரங்கேற்றம் முடித்த பிள்ளைகளின் பெற்றோர் சிலர், அரங்கேற்றத்துக்கு எடுத்த படத்தையே சீனியர் படமாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். தாராளமாகச் சுவரில் மாட்டுங்கள், ஆனால் இதற்கு மாற்றாக வேண்டாம். அரங்கேற்றப் படத்தில் இருப்பது மேடைக்கு எழுதிய கண், மேடைக்குப் பூட்டிய நகை. சீனியர் படத்தில் காலையில் பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும் முகம் இருக்க வேண்டும். உங்கள் மகள் அப்படியொரு நிகழ்ச்சியும் வைத்திருந்தால் இரண்டுக்கும் நடுவில் குறைந்தது ஒரு மாதம் இடைவெளி விடுங்கள்.

இடம் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஒயிட் ராக் ஏரியும் அழகுதான், மெக்கின்னியின் அட்ரியாட்டிகாவும் அழகுதான். மகளைக் கேளுங்கள், அவள் வேறு எதையாவது சொல்வாள். போன வருடம் ஒரு பெண், தன் பேண்ட் அணி பயிற்சி செய்யும் வாகன நிறுத்துமிடத்தில்தான் எடுக்க வேண்டும் என்றாள். தரையில் கோடு போட்டு எண் எழுதியிருந்த தார். தான் நான்கு வருடம் நின்ற புள்ளியில் போய் நின்றாள். நான் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை, முதுகு தானாக நிமிர்ந்தது. தாவரவியல் பூங்கா, மாநிலப் பூங்கா போன்ற இடம் என்றால் படம் எடுக்க முன் அனுமதியோ கட்டணமோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நாள் குறிக்கும்போது ஒன்றுக்கு இரண்டாகக் குறியுங்கள். முதல் ஞாயிறு, மழை வந்தால் அதற்கடுத்த ஞாயிறு. நல்ல புகைப்படக்காரர்களுக்கு அக்டோபர் ஞாயிறுகள் ஜூலையிலேயே நிரம்பிவிடும். நீங்கள் மதுரையிலிருந்து திரும்பி வந்து தேடினால் நவம்பர்தான் கிடைக்கும். கிளம்புமுன் முன்பணம் கட்டிவிட்டுப் போங்கள். பேண்ட் அட்டவணை வந்ததும் அந்தத் தேதியோடு ஒத்துப்பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, நீங்கள் கேள்வியில் போகிற போக்கில் சொன்ன ஒன்று. மாமியார் கூட வருகிறார்கள் என்றீர்கள். வருகை விசாவில் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் தங்கக் கொடுக்கிறார்கள். ஜூலை கடைசியில் வந்தால் ஜனவரிக்குள் கிளம்பிவிடுவார்கள். ஏப்ரலில் ப்ளூபானெட் பூக்கும்போது அவர்கள் மதுரையில் இருப்பார்கள். அக்டோபர் மாலையில் இங்கே இருப்பார்கள், குளிரும் இருக்காது. புடவைப் படத்துக்கு நேரம் ஒதுக்கும்போது அவர்களையும் அழைத்துக்கொண்டு போங்கள், உட்கார மடக்கு நாற்காலி ஒன்றைக் காரில் போட்டுக்கொள்ளுங்கள். பேத்தியின் கொசுவத்தை அவர்கள் குனிந்து சரிசெய்யும் அந்த நேரத்தில் கேமராவை இறக்கிவிட வேண்டாம் என்று உங்கள் புகைப்படக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.